பதினோரு வருடத்தில் நான்கு பிரிண்டர்

போன வாரம் மச்சினன் போன் செய்து, "மாமா, பத்தாயிரத்துக்குள்ள நல்ல பிரிண்டர் எது?" என்று கேட்டான். "மாசத்துல எத்தனை நாள் சும்மா கிடக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். கிண்டல் இல்லை. பதினோரு வருடமாகப் பிரிண்டரோடு பிழைப்பு நடத்துகிறேன், இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ளாமல் இருந்ததால்தான் நான்கு வாங்கவேண்டியதாயிற்று.

எனக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன டைப்பிங் கடை. வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், பட்டா மாற்ற விண்ணப்பம், ஆதார் நகல் என்று ஒரு நாளைக்கு நூறு தாள் போகும். முகூர்த்த நாளில் இரண்டு மடங்கு.

2014-இல் கடை தொடங்கியபோது கையில் காசில்லை. 2,500 ரூபாய்க்கு ஒரு கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட் வாங்கினேன். பெட்டியோடு வந்த கருப்பு கார்ட்ரிட்ஜ் மூன்றாவது நாளே தீர்ந்தது. புதுசு வாங்கப் போனால், கருப்பு, கலர் என்று இரண்டு கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பிரிண்டர் விலையில் பாதிக்கு மேல். அப்புறம் ஊசி போட்டு மை ஏற்றும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, துளையில் ஊசியை இறக்கி, மெதுவாக அழுத்தவேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் கீழே பொங்கி வழியும். அந்த ஒரு வருடமும் என் வலது கை விரல்கள் கருநீலமாகவே இருந்தன. கைரேகை வைக்க வந்தவர்களைவிட என் விரலில்தான் மை அதிகம்.

2016-இல் பழைய எச்பி லேசர்ஜெட் 1020 ஒன்று 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கருப்பு மட்டும்தான், ஸ்கேனர் கிடையாது, இரண்டு பக்கமும் தானாக அடிக்காது. ஆனாலும் கடையின் தலையெழுத்தை மாற்றியது அதுதான். முத்திரைத்தாளை ஒவ்வொன்றாக விட முன்பக்கம் தனி வாய் இருக்கிறது. முத்திரைத்தாள் கோணலாக இழுக்கப்பட்டால் தாளின் விலை நம் தலையில்தான், அந்தப் பயம் இதில் குறைவு. அதில் போடுவது 12ஏ டோனர், அதாவது மைக்குப் பதில் தூள் அடைத்த கார்ட்ரிட்ஜ். 2,000 பக்கம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. பக்கத்தில் நூற்றுக்கு 5 பங்கு இடத்தில் மட்டும் மை விழும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நான்கு எல்லைகளும் சர்வே எண்ணும் நெருக்கி அடித்த கிரயப் பத்திரம் எங்கே, அந்த 5 எங்கே. எனக்கு 1,400, மிஞ்சினால் 1,500 வரும்.

ஒரிஜினல் டோனர் போட்டால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் தாண்டும். 300 ரூபாய்க்குத் தூள் நிரப்பினால் 20 பைசா. ரீஃபில் செய்பவர் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கழிவுத் தூளைத் தட்டிக் கொட்டி, புதுத் தூளை ஊற்றித் தருவார். மூன்றாவது நான்காவது முறைக்கு மேல் தாளின் ஓரத்தில் மெல்லிய கருப்புக் கோடு வர ஆரம்பிக்கும். தூளைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வகையில் டிரம்மும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால் கார்ட்ரிட்ஜையே மாற்றினால் கோடு போய்விடும். பிரதர் போன்ற கம்பெனிகளின் பிரிண்டர்களில் டோனர் தனி, டிரம் தனி. வாங்கும்போதே இரண்டின் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தொந்தரவு உண்டு. தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க உள்ளே ஒரு பகுதி 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பிரிண்ட் கொடுத்தால் டியூப்லைட் ஒரு நொடி மங்கி, இன்வெர்ட்டர் கத்தும். கரண்ட் இல்லாத நேரத்தில் லேசரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

2018-இல் மகள் பள்ளியில் வாராவாரம் கலர் படம் ஒட்டச் சொன்னார்கள். வீட்டுக்கென்று, பாட்டிலிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தவறு என்னுடையது. பாட்டில் மை மலிவு, பக்கத்துக்குப் பத்து பைசாகூட ஆகாது என்பதை மட்டும் பார்த்தேன். அடுத்த வருடம் கோடை விடுமுறைக்குக் குடும்பம் முழுக்க மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. நாற்பத்தைந்து நாள் கழித்து வந்து தேசியக்கொடி ஒன்று அடித்தால், பச்சை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மஞ்சள். நீலம் சுத்தமாக வரவில்லை.

மை வெளியே வரும் துளைகள் முடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. சும்மா கிடந்தால் மை அதிலேயே காய்ந்துவிடும், நம் ஊர்க் கோடைக்குக் கேட்கவே வேண்டாம். அந்தத் துளைகள் இருக்கும் பகுதிதான் ஹெட். மையை இழுத்து அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து. டேங்கில் மை ஒரு விரற்கடை இறங்கியதுதான் மிச்சம். கிளீனிங்கில் இழுக்கப்படும் மை எல்லாம் அடியில் இருக்கும் பஞ்சுக்குத்தான் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் கணக்குப் போட்டுவிட்டால், டேங்க் நிறைய மை இருந்தாலும் அடிக்க மாட்டேன் என்று நின்றுவிடும். சர்வீஸில் ஹெட்டைக் கழுவி, பஞ்சையும் மாற்ற 1,800 ரூபாய். ஹெட்டே போயிருந்தால் புதுப் பிரிண்டரில் பாதி என்றார் சர்வீஸ் தம்பி.

அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராகக் கடைக்கே கொண்டுவந்துவிட்டேன். ஸ்கூட்டரில் இரண்டு கால்களுக்கு நடுவே சாய்த்து வைத்து வந்தது அடுத்த முட்டாள்தனம். வேட்டியில் சிவப்பு மை இன்னும் இருக்கிறது. டேங்க் பிரிண்டரைச் சாய்க்காமல் தூக்கவேண்டும் என்று பெட்டியில் படம் போட்டே காட்டியிருந்தார்கள்.

கடையில் தினமும் நாலு கலர் தாளாவது போகிறது. ஆறு வருடமாக அடைப்பு வரவில்லை. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் முனகுவதில்லை, ஒரு குண்டு பல்பைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் முத்திரைத்தாளை இதில் விடுவதில்லை. என் மாடலில் கருப்பும் சாய மைதான். ஒருமுறை ஒப்பந்தத்தின்மேல் யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்துவிட, வட்டமாக ஈரம் பட்டு வாடகைத் தொகையே கலங்கிவிட்டது. கருப்புக்கு மட்டும் தண்ணீரில் கரையாத நிறமி மை தரும் மாடல்களும் உண்டு, கேனனின் ஜி வரிசையில் பார்த்திருக்கிறேன். சான்றிதழ், பத்திரம் அடிப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கவேண்டும். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். அதேபோல் 'ஆல் இன் ஒன்' என்று போட்டிருந்தாலும் ஸ்கேனர் கண்ணாடி ஏ4 அளவுதான். அதைவிட நீளமான லீகல் அளவுப் பழைய பத்திரத்தை வைத்தால் கடைசி வரிகளும் சாட்சிக் கையெழுத்தும் வெளியே நிற்கும்.

வீட்டுக்கு 2020-இல், ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது, 11,500 ரூபாய்க்கு ஒரு வைஃபை லேசர் வாங்கினேன். கருப்பு மட்டும். கூட வந்த டோனர் 700 பக்கத்துக்கானது, அதுவே ஒரு வருடம் ஓடியது. இரண்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு ஹால் டிக்கெட் அடித்தால் முதல் தாளே பளிச்சென்று வருகிறது. தூள் காய்வதற்கு என்ன இருக்கிறது? வைஃபை மட்டும் ரூட்டரை மாற்றினால் கொஞ்சம் படுத்தும். கலர் வேண்டுமென்றால் மகள் கடைக்கு அனுப்பிவிடுகிறாள், சாயங்காலம் எடுத்துப் போகிறேன்.

பேப்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மைக்குப் பத்து பைசாவா இருபது பைசாவா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம், தாளே ஐம்பது பைசாவைத் தாண்டிவிட்டது. நான் வாங்குவது டிஎன்பிஎல் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை), நம் கரூர்ப் பக்கம் கரும்புச் சக்கையைக் கொண்டு தயாரிக்கும் காகிதம். மழைக்காலத்தில் எந்தத் தாளும் ஈரம் குடித்துச் சுருளும். லேசரின் சூட்டில் இன்னும் சுருண்டு உள்ளே சிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பண்டலைப் பிரித்தால் மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோவில் வைத்துவிடுவேன்.

மச்சினனுக்கு மாதம் இருபது தாள்கூட இருக்காது. கருப்பு லேசர் போதும் என்றேன், கலர் இல்லையா என்று அவனுக்கு வருத்தம்தான்.

போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் கடையைப் பூட்டவேண்டி வந்தது. பக்கத்து மொபைல் கடைத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு கலர் பக்கம், எல்லா நிறமும் இருக்கிற மாதிரி ஏதாவது அடித்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் ஆறு முருகன். திருப்பரங்குன்றத்தில் தொடங்கி பழமுதிர்சோலை வரை வாரத்துக்கு ஒரு படைவீடு அடித்திருக்கிறான். ஆறிலும் மயில் கழுத்து நீலம் அப்படியே இருந்தது.