கயிறு விட்டுப் பார்க்காமல் மாற்றிய மோட்டர்

சித்தி மகள் கல்யாணத்துக்காக இந்த ஏப்ரலில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. கல்யாணம் நன்றாக நடந்தது. எழுத வந்தது கிணற்று மோட்டரைப் பற்றி.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மோட்டர் ஓடுகிறது, மேல்தொட்டிக்கு வெள்ளம் ஏறவில்லை (தண்ணீரை எங்கள் ஊரில் வெள்ளம் என்றுதான் சொல்வோம்). மோட்டரின் மூடியைத் திறந்து வாளியால் ஊற்றினேன். மூன்று வாளி ஊற்றியும் குழாயில் நிற்கவில்லை, கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஃபுட்வால்வு, அதாவது குழாயின் அடியில் வெள்ளம் திரும்ப இறங்காமல் அடைக்கும் வால்வு, சரியாக அடைக்கவில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அம்மா குளிக்க வெள்ளம் இல்லாமல் நிற்கிறாள் என்ற பதற்றத்தில் கடைக்குப் போன் போட்டேன்.

இரண்டு பையன்கள் வந்தார்கள். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, அரை எச்.பி. பழைய மோட்டரு, வலு போச்சு. ஒன்றரை போட்டிருவோம், சும்மா பிச்சிட்டு ஏறும்." புது ஃபுட்வால்வும் சேர்த்து 14,200 ரூபாய். பழைய மோட்டருக்கு 1,200 கழித்துக்கொண்டு அதையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டி நிறைந்தது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பத்து நிமிடம் ஓடியதும் குழாயில் காற்று இழுக்கும் சத்தம். ஓடிப்போய் நிறுத்தினேன். வெள்ளமில்லாமல் ஓடினால் உள்ளே சீல் கருகிவிடும். மறுபடி ஊற்றி, மறுபடி போட்டு, மறுபடி அதே கதை. கடைக்காரர் போனில் சொன்ன பதில்: "கெணத்துல வெள்ளம் கொறஞ்சா நாங்க என்ன செய்ய? தூர் வாருங்க." கிணற்றில் பத்தடி வெள்ளம் கண்ணெதிரே கிடக்கிறது!

நான் இருப்பது அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயரில். அங்கேயும் எங்களுக்குக் கிணற்று வெள்ளம்தான். கருங்கல் பாறையில் 300 அடிக்கு மேல் துளை போட்டு அடியில் சப்மெர்சிபிள், அதாவது வெள்ளத்தில் மூழ்கியே ஓடும் மோட்டர், இறக்கியிருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு அது பழுதானபோது வந்த ஆள் முதலில் கேட்டது கிணற்றின் காகிதத்தை: எத்தனை அடி ஆழம், வெள்ளம் எத்தனை அடியில் நிற்கிறது. அந்த மாநிலத்தில் 1984-லிருந்து கிணறு தோண்டுகிறவர்கள் இந்த விவரத்தை அரசுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பில் நாலாயிரம் டாலரைத் தாண்டியது, வயிறு எரிந்தது. ஆனாலும் அளக்காமல் யாரும் கை வைக்கவில்லை. ஊரில் அந்த அளவுக்குக் காகிதம் வேண்டாம், ஒரு கயிறு போதும். அதைக்கூடச் செய்யவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் அப்பாவோடு பழகிய மாமா ஒருவரை அம்மா கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் பகுதி மோட்டர் வேலையெல்லாம் அவர்தான் பார்த்தார். இப்போது எழுபதுக்கு மேல். வந்தவர் மோட்டரைத் தொடவே இல்லை. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டார். தரையிலிருந்து 24 அடி. பத்து நிமிடம் மோட்டரை ஓடவிட்டு மறுபடி விட்டார். 26.

"மக்ளே, மோட்டரு வெள்ளத்த இழுக்குதுன்னா நெனச்ச? கெணத்துக்குள்ள காத்துதான் வெள்ளத்த அமுக்கி மேல தள்ளுது. 25 அடிக்கு மேல அதுக்குத் தள்ள வலு கெடையாது. நீ பத்து எச்.பி. போட்டாலும் அம்புட்டுதான். பெரிய மோட்டரு வெள்ளத்த இன்னும் சீக்கிரம் கீழ எறக்கும், அவ்வளவுதான்."

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காற்றழுத்தம் தாங்கும் நீர்த்தூண் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. குழாயின் உராய்வும் மற்ற இழப்புகளும் போக, தரையில் வைத்த மோட்டருக்குக் கைக்கு எட்டுவது 25 அடிதான். அப்பாவுக்கு இது தெரியும். அதனால்தான் 1996-ல் மோட்டர் வாங்கியபோது கிணற்றுக்குள் 12 அடி கீழே ஒரு கான்கிரீட் திண்டு கட்டி அதில் உட்கார வைத்தார். 2021 நவம்பர் பெருமழையில் கிணறு நிரம்பி மோட்டர் மூழ்கியது. அப்பா அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். வைண்டிங்கை (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை) காயவைத்து எடுத்தவர்கள் தரையிலேயே மாட்டிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஏப்ரல், மே மாதமும் மோட்டர் சரியாக எடுக்காமல், 74 வயதில் அம்மா கப்பியில் கயிறு போட்டு வெள்ளம் இறைத்திருக்கிறாள். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அங்க கெடந்து நீ என்னத்த செய்யப் போற" என்றாள்.

புது ஃபுட்வால்வை மட்டும் மாட்டி, அப்பாவின் மோட்டரைத் திண்டில் இறக்கியிருந்தால் போதும் என்றார் மாமா. அன்று மத்தியானமே கடைக்கு ஓடினேன், 1,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்கிவர. காப்பர் கம்பிக்காகப் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டதாம். 1996-ல் அது வந்த அன்று தெருப் பிள்ளைகளெல்லாம் குழாயடியில் நின்று குளித்தோம். புது மோட்டருக்குப் பதில் வெள்ளத்துக்குள்ளேயே கிடக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் தருவீர்களா என்று கேட்டேன். வயர் மாட்டினதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

மறுநாள் மாமா தன் பேரனை உள்ளே இறக்கி, புது மோட்டரைக் கயிறு கட்டித் திண்டில் வைத்தார். குழாயில் ஒரு வால்வைப் போட்டு அளவாகத் திறந்துவைத்தார், வெள்ளம் ஒரேயடியாக இறங்காதிருக்க. தொட்டி நிறைந்தது. 500 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்று நின்றார். அம்மாதான் ஒரு குலை நேந்திரன் வாழைப்பழத்தை வண்டியில் கட்டி அனுப்பினாள்.

இடவப்பாதி மழை (ஜூன் வாக்கில் தொடங்கும் பருவமழை) பிடித்து வெள்ளம் திண்டை எட்டும் முன் அதை மேலே எடுக்க வேண்டும், இல்லையென்றால் இதுவும் மூழ்கும். அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிற்றை மாமா கிணற்றுச் சுவரில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தினமும் விட்டுப் பார்த்து எனக்கு எண் சொல்கிறாள். நேற்று 25. வெள்ளம் ஏறிப் பதினெட்டு ஆனதும் மாமாவைக் கூப்பிடுவதாகப் பேச்சு.