18,500 ரூபாய்க்கு பேக்கிங் ஷீட்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 'உங்க ஹைட்டுக்கு வண்டியை செட் பண்ணித் தர்றேன்' என்று யாராவது சொன்னால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள். எனக்குப் போனது 18,500 ரூபாய்.

என் உயரம் 6 அடி 4 அங்குலம். காலேஜில் பனைமரம், ஆபீசில் டவர். டவுன் பஸ்ஸில் குனிந்துகொண்டேதான் நிற்க வேண்டும். பைக் வாங்கப் போனால் அதே கதை. பல்சர் 150, ஸ்ப்ளெண்டர் எல்லாம் சீட் உயரம் 785 மில்லிமீட்டர்தான். உட்கார்ந்தால் முட்டி ஹேண்டில்பார் பக்கம் வந்து நிற்கும். என்னிடம் இருப்பது 2018 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். சீட் உயரம் 800. நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டேங்கின் இரண்டு பக்கமும் ஒரு இரும்பு ஃபிரேம் இருக்கும், என் முட்டி சரியாக அதில் போய் இடிக்கும். 2021 மாடலில் கம்பெனியே உயரமானவர்களை நினைத்து அதைச் சின்னதாக்கிவிட்டது. நான் மூன்று வருஷம் முந்திவிட்டேன், என் நேரம்.

ஷோரூமில் சீட் உயரம், சீட் உயரம் என்பார்கள். அது தரையிலிருந்து சீட் வரைக்கும் உள்ள அளவு, கால் எட்டாதவர்கள் கவலைப்பட வேண்டியது. நம்மைப் போன்ற நெட்டைகளுக்குத் தேவையான அளவு சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை. அது நான் பார்த்த எந்த நோட்டீசிலும் இல்லை. முட்டி ரொம்ப மடங்கினால் அரை மணி நேரத்தில் தொடை இழுக்கும், இடுப்பு பிடிக்கும்.

இது அத்தனையும் அந்தப் பட்டறைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் விழுந்தேன். சென்னைக்குள்தான் கடை. இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு ரீல் போடும் மாடிஃபிகேஷன் பட்டறை. பெயர் போடவில்லை, வக்கீல் நண்பன் வேண்டாம் என்கிறான்.

போனதும் டீ வந்தது. 'அண்ணா, வண்டில ஏறி உட்காருங்க' என்றார். இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே மண்டியிட்டார். இடுப்பிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து குதிகால், தோளிலிருந்து மணிக்கட்டு, எல்லாம் அளந்து ஒரு அட்டையில் எழுதினார். 'உங்களுக்குத் தகுந்த வண்டியே இந்த ஊர்ல செய்யல அண்ணா, நாமதான் செஞ்சுக்கணும்' என்றார். எனக்கு வயசு 34. என்னை அளந்து பார்த்து ஒருத்தர் வண்டியைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். மனசு அப்படியே இளகிவிட்டது. அந்த அட்டையை அப்புறம் யாராவது பார்த்தார்களா என்பதே இப்போது சந்தேகம்.

ஜெல் பேட் வைத்து இரண்டு இன்ச் ஏற்றிய சீட் 9,500. ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் 4,000. ஃபுட்ரெஸ்ட் ஒன்றரை இன்ச் இறக்க 5,000. ஆக 18,500. 10,000 ஜிபே, மீதி 8,500 கையில் ரொக்கம். பில் கேட்டேன். 'ஜிஎஸ்டி போட்டா கூடும் அண்ணா, உங்களுக்காகக் குறைச்சிருக்கேன்.' தலையாட்டிவிட்டு வந்தேன், வேறென்ன.

வண்டி வந்த அன்று தெருவில் ஒரு சுற்று சுற்றினேன், சொர்க்கம். அந்த வாரமே திருவண்ணாமலை கிளம்பினேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் பின்பக்கம் மரத்துவிட்டது. ஃபுட்ரெஸ்டை இறக்கியவர்கள் கியர் லீவரை இறக்கவில்லை. ஒவ்வொரு கியருக்கும் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். பிரேக் பெடலும் பழைய இடத்திலேயே. ஷூ அதன் மேல் படுத்துக்கிடக்க, பிரேக் லைட் வழியெல்லாம் எரிந்திருக்கிறது, பின்னால் வந்த நண்பன் சொல்லித்தான் தெரியும்.

செஞ்சியில் டீக்கடையைத் தாண்டிவிட்டேன். யூ டர்ன் அடிக்க ஹேண்டிலை முழுசாகத் திருப்பினேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. வண்டி தானாக உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. எதிரில் கரும்பு டிராக்டர். அந்த டிரைவர் பிரேக் போட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹேண்டிலை உயர்த்திவிட்டு கேபிளை அப்படியே விட்டிருக்கிறார்கள். திருப்பும்போது கேபிள் இழுபட்டு ஆக்சிலேட்டர் தானே திறந்துகொள்கிறது. முன் பிரேக் ஹோஸும் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது.

திரும்பி வந்து போன் அடித்தேன். 'ஃபோம் செட் ஆகணும் அண்ணா, 500 கிலோமீட்டர் ஓட்டுங்க.' கேபிள்? 'அதெல்லாம் தானா லூஸ் ஆயிடும்.' கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள் தானாக நீளுமாம்! நேரில் போனால் ஓனர் பாண்டிச்சேரி போயிருக்கிறார். அடுத்த முறை கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு சாயந்திரமே அதே கடையிலிருந்து அவர் முகத்தோடு புது ரீல் வருகிறது. அதன் கீழே கமெண்ட் போட்டேன், பத்து நிமிஷத்தில் காணோம், என்னையும் பிளாக் பண்ணியாச்சு. கடைசியாக நண்பன் போனிலிருந்து பேசினேன். 'சார், இவ்ளோ ஹைட்டா இருந்தா எந்த வண்டிலயும் வலிக்கத்தான் செய்யும்.' அண்ணா போய் சார் வந்துவிட்டது. 18,500 வாங்கும்போது தெரியாத ஹைட்டா?

நேற்று சாயந்திரம் சீட்டைக் கழற்றி, ஸ்டேப்ளர் பின்னை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக் கவரைப் பிரித்தேன். அடியில் என் ஒரிஜினல் ஃபோம், மேல்பக்கம் கத்தியால் சீவப்பட்டு. அதன் மேல் பழைய மெத்தையில் இருக்குமே, மஞ்சளும் ரோஸும் துண்டு துண்டாக ஒட்டிய ஸ்பாஞ்ச். அதற்கும் மேலே டிவி அட்டைப்பெட்டிக்குள் வரும் வெள்ளை பேக்கிங் ஷீட், இரண்டு மடிப்பு. அழுத்தினால் விரல் அடி பிளாஸ்டிக்கில் போய் முட்டுகிறது. ஜெல் என்று ஒரு சொட்டுகூட இல்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, 'இதுக்கா இவ்ளோ?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். பில் இருக்கா என்றார்கள். நியாயமான கேள்விதான்.

உயரமானவர்கள் என்ன பண்ணலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சீட்டில் கத்தி வைக்க விடாதீர்கள், தனியாக ஒரு சீட் வாங்கி அதில் வேலை பார்க்கச் சொல்லுங்கள். கவர் தைப்பதற்கு முன்னால் போய் உள்ளே என்ன வைக்கிறார்கள் என்று பாருங்கள். ரைசர் போட்டால் அங்கேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் வண்டியை எடுக்காதீர்கள்.

சீட் ஹாலில் மல்லாக்கக் கிடக்கிறது. சனிக்கிழமை புதுப்பேட்டை போய் பழைய ஒரிஜினல் சீட் தேற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஆபீசுக்கு 18,500 ரூபாய் இல்லாமல் டவுன் பஸ், குனிந்துகொண்டே.