கிணற்றுத் தண்ணீருக்கு எச்2எஸ் பாட்டில்: வாங்கலாமா?

புளியரை, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் கிணறு கலங்கும்போது தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க, உள்ளே மருந்து வைத்த இந்தக் குட்டி பாட்டில் உதவும். கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடியின் உட்புறம் விரல் படாமல் மூடுங்கள். 30–37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கிருமி வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு (எச்2எஸ்) வாயு மருந்திலுள்ள இரும்போடு சேர, தண்ணீர் மை மாதிரி கறுக்கும்; மலக்கலப்பு இருக்கலாம்.

சாரல் குளிரில் நிறம் மாறத் தாமதமாகும். வெந்நீர் பாட்டிலோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் சரி. ஊற்றியதுமே கறுத்தால் அது கிருமியல்ல, தண்ணீரிலேயே இருக்கும் சல்ஃபைடு. பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றே சோதிப்பது வீண்.

எந்தக் கிருமி என்று இது சொல்லாது, மலக்கலப்பைக் காட்டும் முக்கியக் கிருமியான ஈ.கோலையே பொதுவாக எச்2எஸ் வெளியிடாது. கறுக்காவிட்டாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். கறுத்த பாட்டிலில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிய பிறகே கொட்டுங்கள்.