கோழிக்கூண்டுக்கு வாங்கின தீத்துப்பாக்கி: எட்டு மாசம் கழிச்சு

போன ஆடியில சந்தையில ஒரு கீரிச் சேவலைப் பார்த்து மயங்கி, வாங்கின அன்னிக்கே மத்த 14 கோழிகளோட அடைச்சேன். முட்டாள்தனம். கொஞ்ச நாள்லயே அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடுது, கொண்டை வெளுத்துப் போச்சு. ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா பலகை இடுக்குல சிவப்பா கடுகு தூவின மாதிரி உண்ணி. விரலால தேய்ச்சா ரத்தம். பகல்ல ஒளிஞ்சு, ராத்திரி வந்து குடிக்கிற ஜாதி.

1,450 ரூபாய்க்கு இந்தக் கேஸ் தீத்துப்பாக்கி, அதாவது குழாய் வழியா தீயைப் பீச்சுற கருவி, வாங்கினேன். 5 கிலோ சிலிண்டர்ல ஓடுது. இடுக்குல காட்டினா படபடன்னு பொரியுற சத்தம், அதுக்கே காசு கொடுக்கலாம். தரையிலயும் காட்டுறேன், ரத்தக்கழிச்சல் கிருமியோட முட்டை சாதாரண பினாயிலுக்குச் சாகாது, சூட்டுக்குச் சாகும். ஆனா ஒரு தடவை போதாது. உண்ணியோட முட்டை பொரிஞ்சு ஒரு வாரத்துல அடுத்த கூட்டம் தயாராயிடும், அதனால 7 நாள் விட்டுத் திரும்பவும் சுட்டேன்.

குறை? டியூப் குட்டை. கைப்பிடி பத்து நிமிஷத்துல சுடுது. பிளாஸ்டிக் வலைப் பக்கம் கொண்டுபோகாதீங்க, நான் ஒரு மூலையை உருக்கிட்டேன். கோழியை வெளியேத்தி, காஞ்ச குப்பையைக் கூட்டி, பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வெச்சுக்கிட்டுத்தான் பத்த வைக்கணும்.

அஞ்சுக்கு நாலு நட்சத்திரம். இப்ப புதுக்கோழி வந்தா மூணு வாரம் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனிக்கூண்டுலதான்.