பழைய பெல்ட் வண்டிக்கு எந்தப் பெயிண்ட் நிற்கும்? கடலூர் உப்புக்காற்றில் அடித்துப் பார்த்த ஒப்பீடு

செகண்ட் ஹேண்டில் நெல் அறுவடை வண்டி வாங்கப் போகிறவர்கள் எங்கள் பக்கம் முதலில் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், அப்புறம் பெல்ட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். தகரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூர் வரை வந்தது. அப்போது ஆற்றோரக் கொட்டகை ஒன்றில் நின்றிருந்த வண்டி இது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றியதும், உள்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு வண்டல் கோடு, நூல் பிடித்து அடித்ததுபோல் நேராகத் தெரிந்தது. கோட்டுக்கு மேலே பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. கீழே ஒரு போல்ட் பாக்கியில்லாமல் துரு.

பெல்ட் வண்டி என்று நான் சொல்வது ரப்பர் பெல்ட்டில் ஓடும் வண்டியை. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் செயின் வண்டி என்பார்கள். டயர் வண்டி இறங்கினால் புதைந்துபோகும் சேற்றிலும் இது போகும் என்பதால் சம்பா அறுப்பில் இதற்குத்தான் கிராக்கி. அதே காரணத்தால் இதன் அடிப்பாகம் எப்போதும் ஈரத்திலேயே கிடக்கிறது. டிராக்டருக்குச் சொல்லும் பெயிண்ட் யோசனையை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் கேள்வி, பட்டறையில் விடுவதா, வீட்டிலேயே அடிப்பதா என்பது. பட்டறையில் விட்டால் ஒரு வாரத்தில் வண்டி பளபளவென்று வரும். எங்கள் மச்சான் தன் வண்டியை அப்படி ஓர் இடத்தில் விட்டார். தகரங்களைக் கழற்றாமல், வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் பட்டி பார்த்து, ஸ்ப்ரே கன்னில் அடித்துக் கொடுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் பெயிண்ட் அப்பளம்போல் உப்பி நின்றது. விரலால் அழுத்தினால் உடைந்து உள்ளே செம்பொடி. நல்ல பட்டறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தகரத்தையும் கழற்றி, பின்பக்கம் சுரண்டி, மறுபடி மாட்ட ஆகும் நேரத்துக்குக் கூலி கொடுப்பதென்றால் கட்டுப்படியாகாது. அந்த நேரம் நம்மிடம் இருந்தால் வீட்டு வேலைதான் மேல். நேரம் இல்லாதவர் பட்டறைக்கே போகட்டும். ஆனால் தகரத்தை மட்டுமாவது தானே கழற்றி, இருபுறமும் சுத்தம் செய்து கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

துரு எடுக்க மூன்று வழி

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பது ஒன்று, மணல் அடிப்பது ஒன்று, துருவின்மேல் தடவும் கன்வெர்ட்டர் திரவம் ஒன்று. வேகத்தில் மணலை எதுவும் நெருங்காது. குழிக்குள் இருக்கும் துருவையும் அது எடுத்துவிடும். ஆனால் அந்தப் பொடி பேரிங்குக்குள்ளும் ஹைட்ராலிக் சீலுக்குள்ளும் புகுந்தால் வண்டிக்கு வேறு வியாதி வந்துவிடும். பானட் மாதிரி மெல்லிய தகரத்தில் அடித்தால் தகரம் நெளிந்துபோகும். எல்லாவற்றையும் கழற்றி வெறும் சேஸிஸாக நிற்கிற வண்டிக்கு மட்டும்தான் அது சரிவரும். ஆற்று மணலை உலர்வாக அடிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுக்கிற தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும், அதற்கு மருந்து கிடையாது. இன்னொன்று, மணல் அடித்த இரும்பு எங்கள் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. காலையில் அடித்தால் அன்று மாலைக்குள் பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் பழுப்பு பூத்துவிடும்.

கம்பி பிரஷ் எல்லோர் வீட்டிலும் இருப்பது, மலிவு. அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வேகமாகத் தேய்க்கும்போது துரு போகாமல், மெருகேறி இரும்புபோலவே மின்னும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் குழிகளுக்குள் கருப்பாக உட்கார்ந்திருப்பது தெரியும். முதலில் உளியாலோ ஸ்கிரேப்பராலோ துருப் பாளத்தைப் பெயர்த்து, பிறகு கம்பி பிரஷ், அதன்பின் 80 நம்பர் உப்புத்தாள் என்று போனால்தான் நிஜமான இரும்பு கண்ணில் படும்.

கன்வெர்ட்டர் அந்தக் குழிகளுக்கு மட்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த வகை துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. அதற்குத் துரு வேண்டும், சுத்தமான இரும்பில் தடவிப் பயனில்லை. உதிர்கிற பாளத்தின்மேல் தடவினால் பாளத்தோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். தடவியபின் மிச்ச அமிலத்தைக் கழுவாமல் விட்டால் மேலே வரும் எபாக்சி பிரைமர் பிடிக்காது. நான் செய்தது பிரஷ்ஷும் கன்வெர்ட்டரும் சேர்த்து. இந்த வண்டிக்கு அதுதான் பொருந்தியது.

கழுவுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்லியாக வேண்டும். மேலே எந்தப் பெயிண்ட் என்பதைவிட இந்தக் கரையோரத்தில் பெரிய விஷயம் அதுதான். கிரீஸ் போக டீசலில் கழுவுவது எல்லோர் பழக்கம். டீசல் படலம் இருந்தால் பெயிண்ட் ஆங்காங்கே குழி விழுந்து விலகும். அதனால் டீசலுக்குப் பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில் சுத்தமான துணியில் தின்னர். ரப்பர் பெல்ட்டில் மட்டும் டீசல் படவே கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். சரி, சோப்பை எந்தத் தண்ணீரில் அலசுவது? எங்கள் வீட்டு போர் தண்ணீர் உவர்ப்பு. பானட்டை அலசி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் ஒவ்வொரு துளி இருந்த இடத்திலும் வெள்ளை வளையம். அது உப்பு. அதன்மேல் பெயிண்ட் அடித்தால், படலத்துக்கு அடியிலிருந்தே உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். மச்சான் வண்டியில் அப்பளம் வந்ததன் காரணம் அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். 20 லிட்டர் கேன் ஆறு ஆனது. மொத்தச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

பிரைமர்: ரெட் ஆக்சைடா, எபாக்சியா

ரெட் ஆக்சைடு ஒரே டப்பா. கலக்க வேண்டும், பிரஷ்ஷில் பூச வேண்டும், ராத்திரி காய்ந்துவிடும். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். உலர்ந்த ஊரில் போதும். ஈரத்தில் கிடக்கும் அடிப்பாகத்துக்குப் போதாது, அந்தப் படலம் தண்ணீரை உள்ளே விடும். எபாக்சி இரண்டு டப்பா. டப்பாவில் போட்டிருக்கும் அளவு மாறாமல், பெயிண்டை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து, சொன்ன நேரம் ஊறவிட்டு, சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை மூடி வைத்தால் மறுநாள் கல். எனக்கு ரெட் ஆக்சைடைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செலவானது. ஆனாலும் பெல்ட் ஃபிரேம், சேஸிஸ், அந்த வண்டல் கோட்டுக்குக் கீழே உள்ள அத்தனை தகரத்துக்கும் எபாக்சிதான் என்று அடித்துச் சொல்வேன். பணம் குறைவாக இருந்தால் மேல் பெயிண்டில் மிச்சம் பிடியுங்கள், பிரைமரில் பிடிக்காதீர்கள். எபாக்சியை மட்டும் அடித்து வெயிலில் விட்டுவிடவும் கூடாது. வெயிலில் அது வெளுத்து மாவாக உதிரும், மேலே கண்டிப்பாக ஒரு பூச்சு வேண்டும்.

மேல் பூச்சு: எனாமல், என்.சி., பி.யு.

என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டை முதலிலேயே தள்ளிவிடலாம். பத்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது என்பது அதன் பெருமை. ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் காயும்போதே வெள்ளை பூத்துவிடும். பாலிஷ் போட்டு நிழலில் வைக்கும் காருக்கு அழகு. வயலில் இறங்குகிற வண்டிக்கு அந்த மெல்லிய படலம் தாங்காது.

உண்மையான போட்டி எனாமலுக்கும், பி.யு. என்கிற பாலியூரித்தேன் பெயிண்டுக்கும்தான். பளபளப்பு, வெயில் தாங்குவது, டீசல் சிந்தினால் கறை பிடிக்காதது, எல்லாவற்றிலும் பி.யு. மேலே நிற்கிறது. ஆசைப்பட்டு அதைத்தான் முதலில் வாங்கினேன். கதிர் அறுக்கும் கட்டர் பாரின் மூடிக்கு ஏற்கெனவே ரெட் ஆக்சைடு அடித்து வைத்திருந்தேன். அதன்மேல் பி.யு. ஒரு கை விட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும், ஆறின பாலில் ஆடை சுருங்குவதுபோல் தகரம் முழுக்கச் சுருங்கி எழுந்தது. எங்கள் தெருவில் 40 வருடமாகப் பெயிண்ட் வேலை பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடியில ரெட் ஆக்சைடா தம்பி?"

"ஆமாண்ணே."

"அப்ப பி.யு. போடக்கூடாது. அதோட தின்னரு உள்ள போயி கீழ இருக்கறதக் கிளப்பிடும். சுரண்டிட்டு எபாக்சிலேருந்து ஆரம்பி."

அவர் கூடவே ஒன்று கற்றுக்கொடுத்தார். வாங்கிய வண்டியில் பழைய பெயிண்ட் என்ன என்று தெரியாவிட்டால், தின்னரில் நனைத்த துணியை ஓர் ஓரத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் கரைந்து வந்தால் என்.சி., சுருங்கினால் எனாமல், எதுவும் ஆகாவிட்டால் ஹார்டனர் போட்ட பெயிண்ட். அது தெரிந்த பிறகுதான் மேலே என்ன போகலாம் என்று முடிவெடுக்க முடியும்.

பி.யு.வை வீட்டில் அடிக்கக்கூடாது என்று நான் முடிவுக்கு வந்ததற்குச் சுருக்கம் காரணமில்லை. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்கிற ரசாயனம்தான் காரணம். கன்னில் வரும் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வதும் துணி மாஸ்க்கும் அதற்குத் தடுப்பே இல்லை. வாசலில் பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில் அதை விடவே கூடாது. பி.யு. வேண்டுமென்றால் அதற்கான வசதியும் வெளிக்காற்று வரும் முகமூடியும் உள்ள ஷெட்டில் கொடுங்கள். நான் பானட்டையும் மேல் மூடியையும் மட்டும் எபாக்சி வரை முடித்து அப்படிக் கொடுத்து வாங்கினேன்.

மீதி முழுக்க சிந்தெடிக் எனாமல், பெரும்பகுதி பிரஷ்ஷில். எனாமலுக்குக் குறை உண்டு. மெதுவாகக் காயும், அதற்குள் தூசியும் பூச்சியும் ஒட்டும், மூன்று நான்கு வருடத்தில் மங்கும். ஆனால் வயலில் வரப்புக் கல் உரசி ஓரிடம் பெயர்ந்தால், உப்புத்தாளில் தேய்த்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்து, டிரைவரே தடவிவிடலாம். பி.யு. பெயர்ந்தால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும். அதற்குள் அந்த இடத்தில் துரு இறங்கிவிடும். சேற்றில் வேலை செய்கிற வண்டிக்கு, உடனே ஒட்டுப்போட முடிகிற பெயிண்ட்தான் உசத்தி.

கன்னா பிரஷ்ஷா என்பதைப் பக்கத்து வீடு தீர்த்துவைத்தது. முதல் நாள் கன் பிடித்தேன். பகல் ஒரு மணிக்குக் கடற்காற்று திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை பாயில் வடகம் காயவைத்திருந்தார். "ஏம்ப்பா, வடகமெல்லாம் தின்னர் வாடை அடிக்குதே" என்று அவர் கேட்டதும் கம்ப்ரசரை நிறுத்தினேன். அந்தப் பாய் வடகத்தைக் கொட்டச் சொல்லி, உளுந்து வாங்கிக் கொடுத்தேன். திறந்த வாசலில் கன்னால் அடித்தால் பாதிப் பெயிண்ட் காற்றோடு போகிறது. ஃபிரேமுக்கும் சந்துபொந்துக்கும் பிரஷ்தான் நன்றாகப் பிடிக்கிறது.

நேரமும் முக்கியம். பங்குனியில் சம்பா அறுப்பு முடிந்து வண்டி சும்மா நிற்கும், மழையும் இல்லை. விடிகாலைப் பனி தகரத்தில் இருக்கும், உள்ளங்கையை வைத்தால் ஈரம் தெரியும். எட்டரை, ஒன்பது வரை பொறுத்து, கடற்காற்று ஏறுவதற்குள் முடித்துவிடுவேன். கத்திரி வெயிலில் தகரம் சுடும்போது அடித்தால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும்.

எதற்கு அடிக்கக்கூடாது என்பதும் ஒரு பாதி வேலை. ரேடியேட்டர் தகடுகளில் பெயிண்ட் ஏறினால் சூடு இறங்காது. ஹைட்ராலிக் ராடு, கிரீஸ் நிப்பிள், சேஸிஸ் நம்பர் தகடு, எல்லாவற்றுக்கும் டேப். கதிரடிக்கும் டிரம்முக்கும் நெல் சேரும் தொட்டிக்கும் உள்ளே பெயிண்டே வேண்டாம். நெல் உமியில் சிலிக்கா நிறைய, உப்புத்தாள்போல் தேய்த்து எடுத்துவிடும். தேய்ந்த பெயிண்ட் நெல்லோடு போகும். அது நாம் சாப்பிடுகிற அரிசி.

பெல்ட்டைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வெளியே தெரியாதவரை சூடு வைத்து ஒட்டுப்போடுவது பலன் தரும். கம்பி தெரிந்துவிட்டால் சேற்றுத் தண்ணீர் அதை அரித்துக்கொண்டே போகும், புதிது மாற்றுவதுதான் வழி. பழைய பெல்ட் வாங்குகிறவர்கள் உள்பக்கம் பதிந்திருக்கும் மூன்று எண்களைப் பாருங்கள். அகலம், கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளி, கண்ணிகளின் எண்ணிக்கை. முதல் இரண்டும் மில்லிமீட்டரில் இருக்கும். ஒன்று மாறினாலும் பொருந்தாது. ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பெல்ட்டைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பல் தேய்ந்திருக்கும்போது புது பெல்ட் மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும்.

ஒரு மழைக்காலம் போய்விட்டது. போன வாரம் பக்கவாட்டுத் தகரத்தை மறுபடி கழற்றினேன். வண்டல் கோடு இருந்த இடத்தில் எபாக்சியும் எனாமலும் விரல் நகத்துக்குப் பெயரவில்லை. டிரைவர் ஏறும் படிக்கட்டுத் தகட்டுக்கு அவசரத்தில் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து எனாமல் போட்டிருந்தேன். அதன் அடியில், வெல்டிங் ஓரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு கொப்புளம். தகட்டைக் கழற்றி வாசலில் வைத்திருக்கிறேன். ஒரு கேன் தண்ணீருக்கும் சொல்லியாகிவிட்டது.