மில்லுக்குப் போட்ட பில்லிங் சொஃப்ட்வெயர்: 5க்கு 3

சம்மாந்துறையில மாமாட மில்லுக்கு ஒரு பில்லிங் சொஃப்ட்வெயர் வாங்கிப் போட்டிரிக்கம், கொழும்புக் கொம்பனி, பேர் வேணாம். தமிழ்ல ரசீது அடிக்குது, கரண்ட் போனாலும் கணக்கு அழியிறல்ல, அதுக்கு முழு மார்க்ஸ்.

சிக்கல் நெல்லுலதான். 1000 கிலோ குத்தினா 650 கிலோ மட்டில அரிசி வரும், மிச்சம் உமியும் தவிடும், இஞ்ச சின்னப் புள்ளைக்கும் தெரியும். சொஃப்ட்வெயர் அந்த 350 கிலோவையும் ஸ்டொக் குறைவு எண்டு செவப்புல காட்டுது. ஸூம்ல அவங்கட ப்ரொடக்ட் ஓனர் தம்பி, சொஃப்ட்வெயர்ல எது முதல் செய்யிற எண்டு தீர்மானிக்கிறவர், "மிச்ச ஸ்டொக் எங்க அண்ணே போகுது" எண்டு கேக்கார், மாமா என்ட மூஞ்சப் பார்க்கார். 14 வீதத்துக்கு மேல ஈரமிரிந்தா நிறையில கழிப்பம், அதுக்கு ஒரு பெட்டி இல்ல. போடியார்மாருக்கு (பெரிய வயல்காரருக்கு) முன்னுக்கே குடுத்த காசக் கழிக்கவும் வழியில்ல, அதால கிளாக் இன்னும் கொப்பியிலயும் எழுதுறார். இதுக்குள்ள பெப்ரவரியில, பெரும்போக வெள்ளாம வெட்டு நேரம், லொறி ரோட்டு வரைக்கும் நிக்கக்குள்ள, ஸ்க்ரீன் எல்லாத்தையும் இடம் மாத்தி ஒரு அப்டேட் விட்டாங்க பாருங்க!

ஸ்க்ரம் எண்டு சொஃப்ட்வெயர் டீம்கள் வேலை செய்யிற ஒரு முறை, அதுட கையேடான 2020 ஸ்க்ரம் கைட்ல ப்ரொடக்ட் ஓனர் ஒரு ஆள், கமிட்டி இல்ல, பேக்லாக்ட (செய்ய இரிக்கிற வேலை லிஸ்ட்ட) வரிசை அவர்ட பொறுப்பு எண்டு இரிக்கி, தொழில் தெரிஞ்சிரிக்கணும் எண்டு ஒரு வரியும் இல்ல. ஆனா டார்க் மோடும் ஈரக் கழிவும் லிஸ்ட்ல பக்கத்துல பக்கத்துல கிடந்தா எது முதல் எண்டு தொழில் தெரியாம எப்படி விளங்கும்? (டார்க் மோட் வந்திட்டு.)

அதுக்காக மாமாவ அந்தக் கதிரையில வச்சாலும் சரிவராது, அவர் கேக்குறது அவர்ட பழைய பில் புத்தகத்த அப்படியே ஸ்க்ரீன்ல, அக்கரைப்பற்றுல பச்சையரிசி மட்டும் அடிக்கிற மில்லுக்கு அது ஒத்தே வராது. நெல்லு விதைச்ச ஆள் தேவல்ல, ஒரு வெட்டுக் காலம் தராசுக்குப் பக்கத்துல நிண்டு கேள்வி கேட்ட ஆள் போதும்.

சப்போர்ட்ல ஒரு தங்கச்சி பேசுவா, அவட வாப்பா நெல்லு வியாபாரமாம், பாதி சொல்லக்குள்ளயே விளங்கிடும், ஈரக் கழிவ டிஸ்கவுண்ட்ல போடச் சொல்லித் தந்தது அவதான்.

அரிசிக் கடைக்காரர் தாராளமா வாங்கலாம். மில் எண்டா முதல்ல டெமோ கேட்டு, உங்கட ஒரு லொறி நெல்லுக் கணக்க அதுல போட்டுப் பார்த்துட்டு காசக் கட்டுங்க.