பழைய பர்மா தேக்குன்னு சொன்னா நம்பாதீங்க: 78,000 ரூபாய் போச்சு

கை நடுங்குது, அவ்வளவு ஆத்திரம். பழைய மரம் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்க அடுப்படியில சிங்க் அடியில இருந்த பிளைவுட் ஊறி உப்பிப்போய், கதவு மூட முடியல. திரும்பவும் பிளைவுட் வேண்டாம், இடிச்ச வீட்டு மரத்துல அலமாரி செய்யலாம்னு முடிவு பண்ணினோம். காரணம் இருக்கு. செட்டிநாட்டு வீடுகள்ல நூறு வருஷம் உத்திரமா நின்ன பர்மா தேக்கு நல்லாக் காய்ஞ்சிருக்கும், லேசுல கோணாது. அதோட வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, கறையானும் லேசுல தொடாது. பழைய சாமான் கடைங்க இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு வரைக்கும் போறதாத்தான் இருந்தோம். அதுக்குள்ள புறவழிச்சாலையில இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற ஒரு கடையைப் பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார். பேர் போட மாட்டேன்.

கடைக்காரருக்கு எங்க அப்பா வயசு. அட்வான்ஸை நீட்டினேன், வாங்கல. "பணத்துக்கு என்னம்மா அவசரம், முதல்ல மரத்தைப் பாருங்க"ன்னார். உளியால ஒரு உத்திரத்தைச் சீவி என் கையில கொடுத்தார். தேக்கு எண்ணெய் வாசம், சந்தேகமே இல்லை. அப்புறம் நானே எடுத்த ஒரு பலகையைப் பிடுங்கி ஓரமாப் போட்டுட்டு, "இது உளுத்திருக்கும்மா, உங்களுக்கு வேண்டாம்"னு சொன்னார். அங்கதான் விழுந்தேன். கெட்டதை அவரே ஒதுக்கினா, மிச்சம் நல்லதுன்னுதானே யாரும் நினைப்பாங்க? கன அடி 4,000 வீதம் 18 கன அடி, 72,000. வண்டி, ஏத்துக்கூலி 6,000. மொத்தம் 78,000 ரூபாய்.

ஆசாரி இழைக்க ஆரம்பிச்சார். ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இழைச்சதும் கறுப்பு போச்சு, உள்ள வெளிறின நாட்டு மரம். மேல முழுக்கச் சாயமும் பழைய எண்ணெயும். மூணு பலகை தேக்குதான், ஆனா எல்லாம் வெள்ளை, அதாவது வைரமில்லாத வெளிமரம். தட்டினா மாவு கொட்டுது. ஒண்ணுல உள்ள ஆணி இருந்து இழைப்பு மெஷின் பிளேடும் போச்சு. அதுக்கும் காசு நான்தான் கொடுத்தேன்.

போன் பண்ணினா, "உங்க ஆசாரிக்கு மரம் தெரியலம்மா". மறுபடி பண்ணினா, "லோடுமேன் மாத்தி ஏத்திட்டான், மாத்தித் தரேன்". அதுக்கப்புறம் எடுக்கிறது பையன்: "அப்பா பழனி போயிருக்கார்". எத்தனை நாள்யா பழனியில இருப்பாரு? போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்துது, பதில் இல்லை. நேர்ல போய் நின்னா, "அறுத்து இழைச்ச மரத்தை எப்படிம்மா திரும்ப எடுக்கிறது?"ன்னு கேக்கறார். இழைக்காம உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பில்லைக் காட்டினேன். "பழைய மரம்னுதானே எழுதியிருக்கேன், தேக்குன்னு எங்க எழுதியிருக்கு?"ன்னு சிரிக்கிறார். 78,000 ரூபாய் வாங்கின வாய் அது!

சரி, சொல்லிடறேன். ஆசாரியைக் கூடவே கூட்டிட்டுப் போங்க. ஒவ்வொரு பலகையோட முனையையும் அங்கேயே அறுக்கச் சொல்லிப் பாருங்க. மாட்டேன்னா வெளியே வந்துடுங்க. எடுத்த மரத்துல சாக்பீஸால கையெழுத்துப் போட்டு, ஏத்தற வரைக்கும் நில்லுங்க. பில்லுல மரத்தோட பேர் இருக்கணும். பாதிப் பணத்தை இழைச்ச பிறகு கொடுங்க. உள்ள ஆணி இருக்கான்னு காந்தம் வச்சுப் பாருங்க.

நான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்கப் போறேன். அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா அங்க புகார் கட்டணம் கிடையாது. இன்னும் எழுத இருக்கு, ஆனா மீதி மரத்தை என்ன பண்றதுன்னு ஆசாரி வாசல்ல நின்னு கேக்கறார்.